கம்பனி பதிந்து தருகிறேன் என்பவர் தரும் சான்றிதழைக் கவனமாகப் பாருங்கள்

கொழும்பில் கூட்டாக வியாபாரம் தொடங்குபவர்கள், முக்கியமாக சகோதரங்களோடு சேர்ந்து ஒரு வீட்டுக்கு உரித்தாக இருப்பவர்கள், தயவுசெய்து இதை முழுக்க வாசியுங்கள்.

புதுக்கடைப் பக்கம் ஒரு தரகரிடம் நானும் கூட்டாளியும் 'லிமிட்டட் கம்பனி' பதியக் காசு கொடுத்தோம். அவர் கொண்டுவந்து தந்தது பிரதேச செயலகத்தில் எடுத்த வியாபாரப் பெயர்ப் பதிவு. முத்திரை, கையெழுத்து, எங்கள் இருவரின் பெயர் எல்லாம் இருந்தது, "இனிக் கடன் வந்தாலும் கம்பனியோட போயிடும், வீட்டைத் தொட ஏலாது" என்று அடித்துச் சொன்னார். பச்சைப் பொய். அந்தப் பதிவு வெறும் பங்குடைமைதான் (இருவர் சேர்ந்து நடத்தும் வியாபாரம், கம்பனி அல்ல), கூட்டாளி கடைக்காக வாங்கிய கடனில் பாதிக்கு இல்லை, முழுவதற்கும் நீங்கள் பொறுப்பு.

கூட்டாளி புறக்கோட்டையில் கடனுக்குச் சரக்கு எடுத்திருந்தார், காசோலைகள் திரும்பின, மொத்த வியாபாரி எங்கள் இருவர் மீதும் வழக்குப் போட்டார். கொட்டாஞ்சேனை வீடு எனக்கும் அக்காவுக்கும் பிரிக்கப்படாத பாதிப் பாதி. தீர்ப்பு எதிராக வந்து என் பங்கு ஏலத்தில் போனால், வாங்குபவர் அக்காவோடு கூட்டுரிமையாளர் ஆகிவிடுவார், பிறகு 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கப் பிரிவிடல் சட்டத்தின் கீழ் வழக்குப் போட்டு வீட்டையே விற்கக் கேட்கலாம். கடைப் பக்கமே வராத அக்கா இப்போது நித்திரையில்லாமல் இருக்கிறார், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

இதற்குப் பிறகும் அந்தத் தரகர் "மனைவி பெயருக்கு நன்கொடை உறுதி எழுதுங்கோ" என்றார். நல்லவேளை, வேறொரு சட்டத்தரணியிடம் கேட்டோம். கடன்காரரை ஏமாற்ற எழுதிய உறுதியை நீதிமன்றம் ரத்துச் செய்யலாம் என்று அவர் தடுத்துவிட்டார்.

சரி, நீங்கள் பார்க்க வேண்டியது இதுதான். 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தில் பதிந்த தனியார் கம்பனி என்றால் பெயரின் முடிவில் '(பிரைவேட்) லிமிட்டட்' இருக்கும், கம்பனிப் பதிவாளரின் இணையதளத்தில் நீங்களே பெயரைத் தேடிப் பார்க்கலாம். அப்படிப் பதிந்தாலும், வங்கி நீட்டும் தனிப்பட்ட பிணைப் பத்திரத்தில் ஒப்பமிட்டால், கம்பனிக் கடனுக்கு உங்கள் சொந்தச் சொத்தைத் தொட ஏலாது என்ற பாதுகாப்பு அந்தக் கடனுக்கு இல்லை. வீட்டைப் பிரிக்கக்கூடியதாக இருந்தால், கடன் எதுவும் இல்லாத காலத்திலேயே நில அளவையாளரின் வரைபடத்தோடு நொத்தாரிசு முன் பிரிவிடல் உறுதி (ஆளுக்கொரு தனிப் பங்காகப் பிரித்து எழுதும் உறுதி) முடித்துக் காணிப் பதிவகத்தில் பதிந்துவிடுங்கள்.

தரகரின் பற்றுச்சீட்டில் 'பதிவுச் செலவு' என்று மட்டுமே இருக்கிறது, அதை வைத்துத்தான் இப்போது தப்பிக்கப் பார்க்கிறார். நீங்கள் காசு கொடுக்கும்போதே எந்த வகைக் கம்பனி, எந்தச் சட்டத்தின் கீழ் என்று எழுதி வாங்குங்கள்.