சீலிங்குக்கு மேலே போன 2,40,000 ரூபாய்: வீட்டில் ஸ்பீக்கர் பதிக்கப் போகிறவர்கள் படித்துவிட்டுப் பணம் கொடுங்கள்

வீடு புதுப்பிக்கும்போதே ஒவ்வொரு ரூமிலும் சீலிங்கில் ஸ்பீக்கர் பதித்து, போனிலிருந்தே எந்த ரூமில் எந்தப் பாட்டு வேண்டுமோ வைத்துக்கொள்கிற வேலையை மல்டி ரூம் ஆடியோ என்கிறார்கள். அந்த வேலையில் எங்கள் வீட்டில் 2,40,000 ரூபாய் போய்விட்டது. புகார் கொடுக்கப் போகிறேன், அதற்கு இடைஞ்சல் வரக்கூடாது என்பதால் கடை பெயரைப் போடவில்லை. கோவையில் டெமோ ரூம் வைத்து ஹோம் தியேட்டர், ஹோம் ஆடியோ செய்து கொடுக்கிற கடை, அவ்வளவுதான் சொல்ல முடியும். என்ன செய்தார்கள், நீங்கள் எதையெல்லாம் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று விவரமாக எழுதுகிறேன். வயிறு எரிகிறது, அதனால் முன்னே பின்னே இருக்கும்.

எங்களுடையது கோபி பக்கம், சத்தி ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி ஒரு கிராமம். தாத்தா கட்டிய ஓட்டு வீடு. ஆசாரத்தை, அதாவது முன்கூடத்தை, அப்படியே வைத்துக்கொண்டு, பின்பக்கம் புதிதாக ரூம் எடுத்து, ஒயரிங்கை முழுசாக மாற்றினோம். அப்பாவுக்கு விடிந்தால் கோவை வானொலி வேண்டும். அம்மாவுக்குச் சமையல்கட்டில் சாமி பாட்டு. பாப்பாவுக்கு அவள் பாட்டு. ஒருத்தர் கேட்பது இன்னொருத்தருக்குத் தொந்தரவாக இருக்கக் கூடாது, அதற்காகத்தான் இந்த ஏற்பாடே. ஆசாரம், சமையல்கட்டு, சாமி ரூம், இரண்டு படுக்கை ரூம், பின்புறத் திண்ணை என்று ஆறு இடம், இடத்துக்கு இரண்டாக 12 ஸ்பீக்கர். பாரியூர் கோயில் குண்டம் திருவிழாவுக்கு ஒறம்பரை, சொந்தக்காரர்கள் எல்லாம் வருவார்கள், அதற்குள் வேலை முடிய வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. காசும் அவருடையதுதான். பத்து மாசம் காட்டில் பாடுபட்டு, வேகவைத்து, காயப்போட்டு, ஈரோட்டுக்குக் கொண்டுபோய் விற்ற மஞ்சள் காசு.

வீட்டு வேலைக்கு ஆள் பிடித்துக் கொடுக்கிற ஒரு செயலியில்தான் அந்தக் கடை கிடைத்தது. பெயருக்குப் பக்கத்தில் 'சரிபார்க்கப்பட்டது' என்று பச்சை டிக். நானும் அப்பாவும் நேரில் போனோம்.

அந்த டெமோ ரூமைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். உள்ளே போனதும் கடைக்காரர் கதவைச் சாத்தினார். ஏசி சத்தம்கூடக் கேட்கவில்லை. அப்பாவை நடு நாற்காலியில் உட்காரவைத்து ஒரு நாதஸ்வரக் கச்சேரியைப் போட்டார். தவில் அடி ஒவ்வொன்றும் நெஞ்சில் வந்து விழுந்தது. அப்பா கண்ணை மூடிக்கொண்டார். முடிந்ததும் ஒரு சீலிங் ஸ்பீக்கரைக் கொண்டுவந்து, முன்னால் இருந்த வலையைக் கழற்றி, அப்பாவின் விரலைப் பிடித்து அந்தக் கூம்பின் ஓரத்தை மெதுவாக அழுத்திக் காட்டினார். "இது ஆறரை இஞ்ச்சுங்க, எட்டு ஓம்ஸ். உங்க வீட்டுக்கும் இதேதானுங்க." (ஓம்ஸ் என்பது ஸ்பீக்கரின் மின்தடை அளவு.) அப்புறம் எந்த ஊர் என்று கேட்டார். சொன்னதும், "அட, எங்கம்மா ஊரு கவுந்தப்பாடிங்க. அப்ப நீங்க எனக்கு மாமா முறைதான் ஆகணும்" என்றார். அந்த நிமிஷத்திலிருந்து வாய் நிறைய மாமா மாமா என்றுதான் பேச்சு. காபி வந்தது. கடைசியாக அவர் சொன்னது எனக்கு வார்த்தைக்கு வார்த்தை ஞாபகம் இருக்கிறது: "சீலிங்க மூடிட்டா பொறகு தொறக்க முடியாதுங்க மாமா. அதனால ஒயர் இழுக்கறப்ப நானே வந்து நின்னு பாத்துக்கறேன்."

என்ன நடக்கும் என்று அவருக்கு அன்றைக்கே தெரிந்திருக்கிறது. மூடிவிட்டால் திறக்க முடியாது என்பதை நம்பித்தான் அவர் தொழிலே நடக்கிறது.

கொட்டேஷன் 3,10,000. அதில் இருந்தது இதுதான்: ஆறு தனி ஜோனுக்கான (ஜோன் என்றால் தனியாகப் பாட்டு ஓட்டுகிற ஒரு இடம்) ஆம்ப்ளிபயர், 12 ஸ்பீக்கர், ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் ஆம்ப்ளிபயர் வைக்கும் அலமாரியிலிருந்து நேராக ஒரு சுத்தமான செம்பு ஒயர், எல்லாம் தனி பைப்பில். முன்பணம் 50,000 ஜிபேயில் போட்டோம். சீலிங் வேலை தொடங்கும் நேரத்தில், "சரக்கு எடுக்கணுங்க மாமா, கம்பெனிக்காரன் கடன் குடுக்க மாட்டான்" என்று 1,90,000 கேட்டார். கொடுத்தோம். ஆக 2,40,000. பில் கேட்டதற்கு, "வேலை முடியட்டுங்க, மொத்தமா போட்டுக்கலாம். இப்பவே போட்டா வரி வேற ஏறுமுங்க" என்றார்.

ஒயர் இழுக்கிற அன்று அவர் வரவில்லை. தமிழ் அவ்வளவாகப் பேசத் தெரியாத இரண்டு பையன்களை அனுப்பினார். நான் திருப்பூரில் வேலையில் இருந்தேன். வீட்டில் அப்பா மட்டும். அவருக்கு அந்தப் பையன்களோடு பேசவும் வழியில்லை, சாப்பாடு போட்டு அனுப்பினார். சாயங்காலம் கடைக்காரர் போன் செய்து எல்லாம் நல்லபடியாக முடிந்தது, சீலிங்காரர்களை மூடச் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டார். ஜிப்சம் போர்டு ஏறியது, பட்டி பார்த்தது, பெயிண்ட் அடித்தது. அப்புறம் வந்து ஸ்பீக்கரை மாட்டிவிட்டுப் போனார்கள்.

போட்டுப் பார்த்தால் ஆறு இடத்திலும் ஒரே பாட்டு. சாமி ரூமில் வைப்பதுதான் திண்ணையிலும் பாடுகிறது. பாப்பா பாட்டு வைத்தால் அப்பாவின் வானொலி நின்றுபோகிறது. சத்தமும் டெமோவில் கேட்ட மாதிரி இல்லை. பஸ் ஸ்டாண்டில் வண்டி நேரம் சொல்கிற குரல் மாதிரி தட்டையாக, அடிநாதமே இல்லாமல் வந்தது. ஆசாரத்து டிவியை அதில் இணைத்தால், எதுவும் ஓடாதபோதே உர்ர்ர் என்று ஒரு இரைச்சல். ஃபேன் ரெகுலேட்டரைத் திருப்பினால் இரைச்சலின் தொனி மாறும்.

கடையில் சொன்னேன். "புது ஸ்பீக்கருங்க, நூறு மணி நேரம் ஓடினாத்தான் செட்டாகும்" என்றார்கள். ஓடவிட்டோம். மாறவில்லை. "உங்க ஊரு கரண்ட் சரியில்லைங்க" என்றார்கள். அப்புறம், "எர்த்து போட்டது சரியில்லை, ஒயர்மேனைக் கேளுங்க" என்றார்கள்.

எங்கள் ஊர் ஒயர்மேன் அண்ணன் வந்தார். எர்த்தைச் சோதித்தார், சரியாக இருந்தது. "ஏந் தம்பி, ஒண்ணைக் கழட்டித்தான் பாப்பமே" என்று ஏணியைப் போட்டார். சாமி ரூம் ஸ்பீக்கரின் வலையை எடுத்து, ஸ்க்ரூவைத் தளர்த்தியதும் அது ஒயரோடு கீழே தொங்கியது. திருப்பினால் முதுகில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு டிரான்ஸ்பார்மர். அதிலிருந்து வந்த சின்ன ஒயர்களில் 6 வாட், 3 வாட் என்று எழுதியிருந்தது. ஸ்பீக்கருக்கு இரண்டு ஒயர் வந்திருந்தது, ஒன்று முந்தின ரூமிலிருந்து வருவது, இன்னொன்று அடுத்த ரூமுக்குப் போவது. அண்ணன் அந்த ஒயரின் தோலைச் சீவி, ஒரு இழையை விரலில் வைத்துக் கத்தி முனையால் சுரண்டினார். செம்பு நிறம் பொடியாக உதிர்ந்தது. உள்ளே வெள்ளை வெளேர் என்று அலுமினியம். தோலின் மேல் சுத்தச் செம்பு என்று அச்சடித்திருந்தது.

இதைக் கொஞ்சம் விளக்குகிறேன், எதில் ஏமாற்றினார்கள் என்பது இங்கேதான் இருக்கிறது. டிரான்ஸ்பார்மர் வைத்த அந்த ஸ்பீக்கர் 100 வோல்ட் லைன் என்கிற ஏற்பாட்டுக்கானது. ரயில் நிலையம், பெரிய கடை, கோயில் மாதிரி இடங்களில் ஒரே ஒயரை நெடுந்தூரம் இழுத்து, வரிசையாக எத்தனையோ ஸ்பீக்கரை மாட்டி, எல்லாவற்றிலும் ஒரே அறிவிப்பைக் கேட்க வைக்கிற முறை. அந்த வேலைக்கு அது நல்ல முறைதான். ரூமுக்கு ரூம் வேறு பாட்டு வேண்டும் என்கிற வீட்டுக்கு அதில் பிரயோஜனம் இல்லை. டிரான்ஸ்பார்மர் அவ்வளவு சின்னதாக இருந்தால் அடிநாதமும் அதிலேயே செத்துவிடும்.

சரி, ஸ்பீக்கரையும் ஆம்ப்ளிபயரையும் மாற்றிக்கொள்ளலாமே என்று நினைப்பீர்கள். முடியாது. மாற்றினாலும் ரூமுக்கு ரூம் பிரிக்க, ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் அலமாரியிலிருந்து தனி ஒயர் வர வேண்டும். எங்கள் வீட்டில் மொத்தத்துக்கும் ஒரே ஒயர், ரூம் ரூமாகத் தாவிப் போகிறது. அதுவும் செம்பு பூசிய அலுமினியம். அலுமினியத்துக்கு மின்தடை செம்பைவிடச் சுமார் 1.6 மடங்கு. மடக்கினால் சீக்கிரம் ஒடியும், முனையில் துரு மாதிரி ஆக்சைடு படலம் பிடித்துத் தொடுப்பு விட்டுப்போகும். இதையெல்லாம்விட மோசம், டிவியிலிருந்து வருகிற சிக்னல் ஒயரை 230 வோல்ட் லைட் ஒயர் போகிற அதே பைப்பில் சொருகியிருக்கிறார்கள். உர்ர் சத்தம் அங்கிருந்துதான். சத்தம்கூடப் பரவாயில்லை. கரண்ட் ஒயரின் தோல் எங்காவது உரசிப் பிய்ந்தால், ரிமோட்டும் கையுமாக டிவி பக்கத்தில் நிற்கிற குழந்தைக்கு என்ன ஆகும்? மாமா முறை சொன்ன மனுசன் அந்தக் குழந்தையைத் தூக்கிக் கொஞ்சியிருக்கிறார்.

போட்டோவும் வீடியோவும் எடுத்து அனுப்பினேன். நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. போன் செய்தால், "டெக்னீஷியன் மாலை போட்டிருக்காருங்க, வந்ததும் அனுப்பறோம்." அப்புறம், "ஓனர் வெளிநாடு போயிருக்காருங்க." நேரில் போனால் கடையில் ஒரு பெண், "நீங்க எழுதிக் குடுத்துட்டுப் போங்க சார்" என்று ஒரு நோட்டை நீட்டியது. டெமோ ரூம் கதவு சாத்தியிருந்தது, உள்ளே வேறு யாருக்கோ அதே நாதஸ்வரம் ஓடிக்கொண்டிருந்தது. கொட்டேஷனைக் காட்டிச் சண்டை போட்டேன். கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் 'அல்லது அதற்கு இணையானது' என்று இருப்பதைக் காட்டினார்கள். எதற்கு எது இணை? 2,40,000 ரூபாய்க்கு இதுவா இணை?

அப்பா ஒருமுறை பேசினார். அவரிடமும் மாமா என்ற பேச்சு இல்லை இப்போது. "பெரியவரே, பாக்கி 70,000 நிக்குது. அதைப் போட்டுடுங்க, ஆள் அனுப்பறோம்." 2,40,000 வாங்கிக்கொண்டு இன்னும் 70,000 கேட்கிறார்கள். அப்பா போனை வைத்துவிட்டுக் காட்டுக்குப் போய்விட்டார். ராத்திரி சாப்பிடவில்லை.

செயலிக்காரர்களிடம் புகார் போட்டதற்கு, தாங்கள் வாடிக்கையாளரையும் தொழில்காரரையும் இணைத்து மட்டுமே விடுவதாகவும், வேலையின் தரத்துக்குப் பொறுப்பில்லை என்றும் பதில். அப்படியானால் அந்தப் பச்சை டிக்கில் எதைத்தான் சரிபார்த்தார்கள்?

விவரமாக எழுதுகிறேன் என்றேன், கை ஓடவில்லை. முக்கியமானதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

ஒயர் இழுத்து முடித்ததும் சீலிங் மூடுவதற்கு முன்னால், ஒரு ஸ்பீக்கரை ஒவ்வொரு ஒயரிலும் தற்காலிகமாக மாட்டி, ரூம் ரூமாகத் தனித்தனிப் பாட்டு ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். காட்டின பிறகுதான் பெரிய தொகை. எத்தனை முறை கேட்டாலும் சரி, எந்த உறவு முறை சொன்னாலும் சரி.

ஒயர் முனையைச் சுரண்டிப் பாருங்கள், உள்ளேயும் செம்பாக இருக்க வேண்டும். எட்டு ஓம்ஸ் ஸ்பீக்கருக்கு 15 மீட்டருக்குள் என்றால் 1.5 ஸ்கொயர் எம்.எம். ஒயர், தூரம் அதிகம் என்றால் 2.5. கரண்ட் பைப்பும் இதுவும் ஒன்றாகப் போகக் கூடாது. ஓர் அடியாவது தள்ளிப் போக வேண்டும், குறுக்கே தாண்டினால் செங்குத்தாகத் தாண்ட வேண்டும். மூடுவதற்கு முன் எல்லாச் சுவரையும் சீலிங்கையும் போட்டோ எடுத்து வையுங்கள். ஸ்பீக்கர், ஆம்ப்ளிபயர் இரண்டின் மாடல் நம்பரும் கொட்டேஷனில் இருக்க வேண்டும், 'இணையானது' என்ற சொல்லை அடிக்கச் சொல்லுங்கள். பில்லில் ஜி.எஸ்.டி. எண் 15 இலக்கம், தமிழ்நாட்டுக் கடை என்றால் 33-இல் தொடங்கும், அரசு தளத்தில் போட்டால் கடை பெயர் வந்துவிடும்.

மாட்டிக்கொண்டவர்கள் 1915-க்குப் போன் செய்யுங்கள், அது தேசிய நுகர்வோர் உதவி எண். அதில் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கடை எந்த ஊரில் இருந்தாலும் நாம் குடியிருக்கிற மாவட்டத்திலேயே மனு போடலாம், கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் கிடையாது, இரண்டு வருசத்துக்குள் போட வேண்டும். பில் தரவில்லை என்று விட்டுவிடாதீர்கள், ஜிபே ரசீதும் கொட்டேஷனும் வாட்ஸ்அப் பேச்சும் ஆதாரம்தான்.

நான் ஈரோட்டில் போடுகிறேன். சுரண்டின ஒயர்த் துண்டையும் அந்த டிரான்ஸ்பார்மரையும் ஒயர்மேன் அண்ணன் கழற்றி, தேதி எழுதிக் கவரில் போட்டுக் கொடுத்திருக்கிறார். 2,40,000 ரூபாயும், சீலிங்கைப் பிரித்து மறுபடி போடுகிற செலவும் இரண்டையும் சேர்த்துத்தான் கேட்கப் போகிறேன். கோவையில் இதே மாதிரி டெமோ ரூம் காட்டி, சொந்தம் கொண்டாடிப் பணம் வாங்கின கடையிடம் யாராவது கொட்டேஷன் வாங்கி வைத்திருந்தால், அடுத்த தவணையைப் போடாதீர்கள்.