ஐந்தில் மிஞ்சியது ஒன்று: தோட்டக் கைக்கருவிகளோடு சில ஆண்டுகள்

புதிதாகத் தோட்டம் போடுகிறவர்கள் என்ன கருவி வாங்கலாம் என்று கேட்டால், பெட்டியாக மட்டும் வாங்காதீர்கள் என்றுதான் முதலில் சொல்வேன். எங்கள் வீட்டிலும் அப்படி ஒரு பெட்டி இருந்தது. வீடு குடிபோனபோது உறவினர் கொடுத்த பரிசு. அகலக் கரண்டி, ஒடுங்கிய கரண்டி, மூன்று பல் முள்கரண்டி, களை பிடுங்கி, கிளை வெட்டும் கவாத்துக் கத்திரி என ஐந்து உருப்படிகள், எல்லாவற்றுக்கும் ஒரே பச்சைப் பிடி. பார்க்க அழகாகத்தான் இருந்தன. ஏழெட்டு ஆண்டுகள் கழித்து இன்று புழக்கத்தில் இருப்பது ஒடுங்கிய கரண்டி மட்டும். அதுவும் தொட்டிச் செடிகளுக்குத்தான்.

எங்கள் வீடு மதுரையின் புறநகரில். பின்புறம் சரளை கலந்த செம்மண். மழை பெய்த மறுநாள் வெண்ணெய் மாதிரி இருக்கும் மண், பத்து நாள் வெயிலில் ஓடு போல் இறுகிவிடும். அகலக் கரண்டி தோற்றது இந்த மண்ணிடம்தான். அதன் தகடு நன்றாகவே இருந்தது, கழுத்துதான் போதவில்லை. தகட்டையும் பிடியையும் இணைக்கும் கம்பியைச் சும்மா பற்றவைத்திருந்தார்கள். ஒரு கல்லை நெம்பியதும் வளைந்தது. நிமிர்த்தினோம், மறுபடி வளைந்தது, பிறகு பற்றவைத்த இடத்திலேயே விட்டுவிட்டது. தேங்காய் நார்க்கழிவு நிரப்பிய பைகளில் மாடித்தோட்டம் போடுகிறவர்களுக்கு அதே கரண்டி பல வருடம் உழைக்கும். தரையில் நடுகிறவர்கள் தகடும் கழுத்தும் ஒரே இரும்பாக இருப்பதைப் பார்த்து வாங்க வேண்டும். கடையிலேயே நுனியைத் தரையில் ஊன்றிப் பிடியை மெல்ல அழுத்திப் பாருங்கள். கழுத்து அசைந்தால் வைத்துவிட்டு வாருங்கள்.

முள்கரண்டிக்கும் களை பிடுங்கிக்கும் பதிலாக என்னிடம் இப்போது இருப்பது ஒரு களைக்கொத்து. கொல்லர் பட்டறையில் அடித்து வாங்கியது. லாரியின் பழைய வில் பட்டையில் செய்தது என்பதால் முனை லேசில் மழுங்குவதில்லை. இந்த ஒரு கருவியை வைத்துக்கொண்டு களை எடுக்கலாம், பாத்தி பிடிக்கலாம், மண் அணைக்கலாம், நாற்றுக்குக் குழியும் பறிக்கலாம். விலையோ அந்தப் பெட்டியின் விலையில் ஒரு சிறு பங்கு. கடையில் தொங்கும் தகட்டுக் கொத்தும் பார்வைக்கு இதே மாதிரிதான் இருக்கும். இரண்டையும் கல்லில் தட்டிப் பாருங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும், தகடு சொத்தென்று விழும்.

களைக்கொத்தில் தொல்லை தருவது காம்பு. சித்திரை வெயிலில் மரம் காய்ந்து சுருங்கியதும் இரும்பு ஆட ஆரம்பிக்கும். ஓங்கிக் கொத்தும்போது கழன்று பறந்தால் ஆபத்து. இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட்டால் இறுகிவிடும் என்று பலரும் சொல்வார்கள். இறுகும், ஆனால் நாலு நாளைக்குத்தான். ஊறி உப்பிய மரம் மறுபடி காயும்போது முன்பைவிடத் தளர்ந்துவிடும். காய்ந்த கருவேலங் காம்பாகப் போட்டு, தலையில் புது ஆப்பு ஒன்று இறக்கினால் வருடக்கணக்கில் அசையாது. காம்பின் நீளத்தையும் சொல்லியே வாங்குங்கள். குந்தி உட்கார்ந்து கொத்துகிறவருக்கு ஒரு முழத்துக்கும் குறைவாக இருந்தாலே போதும். இடுப்புவலிக்காரர்கள் நின்றபடி கொத்த நீளக் காம்பு போட்டுக்கொள்ளலாம். பெட்டிக் கருவிகளில் இந்த வசதிக்கெல்லாம் இடமில்லை.

கவாத்துக் கத்திரிதான் காசு கொட்ட வேண்டிய இடம். இதில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் இரண்டு அலகுகளும் சாதாரணக் கத்தரிக்கோல் போல் உரசிக் கடந்து போகும். மற்றதில் ஒரே ஒரு கூர் அலகு எதிரிலுள்ள தட்டையான மேடையில் வந்து அமரும். பெட்டியில் வந்தது இந்த இரண்டாவது. பட்ட குச்சிக்கு அது பரவாயில்லை. பச்சைக் கிளையை நசுக்கிவிடும், நசுங்கிய நுனி கறுத்துப் பின்னோக்கிக் காயும். ரோஜாவிலும் மல்லிகையிலும் இது கண்கூடாகத் தெரியும். குண்டுமல்லியை நவம்பர் கடைசியில் தரையிலிருந்து அரை மீட்டர் விட்டு மொத்தமாக வெட்டிவிடுகிறோம். ஒரே புதரில் எத்தனையோ வெட்டுகள், ஒவ்வொன்றும் சுத்தமாக விழ வேண்டும். அந்த ஒரு வேலைக்காகவே உரசிக் கடக்கும் வகை கத்திரி வாங்கினேன், இன்றுவரை அதுதான்.

வாங்கும்போது அலகைவிட உங்கள் கையைப் பாருங்கள். முழுக்க விரிந்த கத்திரியை ஒரே கையில் பிடித்து மூட முடிகிறதா? என் கை சிறியது. பெரிய அளவில் வாங்கியிருந்தால் பத்து நிமிடத்தில் கட்டைவிரல் கடுத்திருக்கும். அலகையும் ஸ்பிரிங்கையும் தனியே கழற்றி மாற்ற முடிகிறதா, உதிரி கிடைக்கிறதா என்றும் கேளுங்கள். முதலில் காணாமல் போவது ஸ்பிரிங்தான். ஒருநாள் துள்ளி முருங்கையடிச் சருகுக்குள் விழுந்தது, போனது போனதுதான். சாணை பிடிப்பவரிடம் கொடுத்தால் சரிவான பக்கத்தை மட்டும் தீட்டச் சொல்லுங்கள். தட்டையான பக்கத்தையும் தேய்த்துவிட்டால் இரண்டு அலகுக்கும் நடுவே இடைவெளி விழுந்து, வெட்டுவதற்குப் பதில் கடிக்கும். துருவுக்கு உப்புத்தாள், மூட்டுக்குத் தையல் மெஷின் எண்ணெய். சமையல் எண்ணெய் பிசினாகிவிடும். தக்காளி, மிளகாய்ச் செடிகளில் தேமல் நோய் (இலையில் மஞ்சளும் பச்சையுமாகத் திட்டுகள்) தெரிந்தால், அடுத்த செடிக்குப் போகும் முன் அலகை நன்றாகக் கழுவித் துடைப்பது அவசியம். சில வகைத் தேமல் நச்சுயிரிகள் சாறு வழியாகக் கத்தியிலும் கையிலும் ஒட்டிக்கொண்டு பரவுகின்றன.

கருக்கரிவாளை யாரும் தோட்டக் கருவிப் பட்டியலில் சேர்ப்பதில்லை, ஏன் என்று எனக்குப் புரியவில்லை. கீரை அறுக்க, புல் சீவ, வாழைச் சருகு கழிக்க, சாக்கு அவிழ்க்க எல்லாவற்றுக்கும் அதுதான். பல் தேய்ந்தால் பட்டறையில் கொடுத்துக் கருக்கு வெட்டிக்கொள்ளலாம். குழந்தைகள் உள்ள வீட்டில் ஆணியில் உயரமாக மாட்டி வையுங்கள்.

பூவாளியில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பத்து லிட்டர் நிரப்பினால் பத்து கிலோ. மாடிப்படி ஏறுகிறவர்கள் ஐந்து லிட்டரில் வாங்குங்கள், தலைப்பகுதி கழற்றிக் கழுவும்படி இருக்கட்டும். பிளாஸ்டிக் என்றால் நிழலில் வையுங்கள், வெயிலில் கிடந்தால் நொறுங்கும். மண்வெட்டி வருடத்துக்கு நாலு தடவை தேவைப்படும், பக்கத்து வீட்டில் இருக்கிறது. மண் சுமக்கச் சாந்துச் சட்டி. துணிக் கையுறை ரோஜா முள்ளுக்குத் தாங்காது, தோல் கையுறை இந்த ஊர் வெயிலுக்குத் தாங்காது. நான் வெறுங்கையோடுதான்.

இப்போதுதான் தொடங்குகிறீர்கள் என்றால் களைக்கொத்து, கருக்கரிவாள், பூவாளி மூன்றையும் வாங்கி விதையைப் போடுங்கள். கத்திரியை, வெட்டுவதற்குச் செடியில் கிளை வந்த பிறகு வாங்கினால் போதும். அதற்குள் உங்கள் தோட்டத்தில் நிற்பது மல்லிகையா கத்தரியா என்பதும் தெரிந்திருக்கும். கத்தரிக்காய் பறிக்க வீட்டுக் கத்தியே மிஞ்சும்.