மருந்து ஆலையா, கருவி நிறுவனமா?

நிறமாலைக் கருவிகளில் கைதேர்ந்த பகுப்பாய்வு வேதியியலாளருக்கு நம் ஊரில் பெரும்பாலும் இரண்டு வாசல்கள்: மருந்து ஆலையின் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகம், அல்லது கருவி விற்கும் நிறுவனத்தில் அப்ளிகேஷன் வேலை, அதாவது வாடிக்கையாளரின் மாதிரிகளைக் கருவியில் அளந்து காட்டி வழிசொல்லும் வேலை.

ஆலையில் வேலை ஒரே தடத்தில் ஓடும், ஷிப்ட் முறையும் உண்டு. அளவுத்திருத்த நாளன்று யுவி (புற ஊதா) கருவியில், ஒளியை எந்த அலைநீளங்களில் உறிஞ்சும் என்று முன்பே தெரிந்த ஹோல்மியம் கரைசலை வைத்து 241, 287, 361, 536 நானோமீட்டரில் உச்சிகள் ஒழுங்காக விழுகின்றனவா என்று பார்க்க வேண்டும். அப்புறம் மாதிரிகள், கையெழுத்துகள், மறுபடி மாதிரிகள். மென்பொருளில் எதைத் திருத்தினாலும் யார், எப்போது மாற்றினார் என்று பதியும் தணிக்கைத் தடத்தில் நிற்கும். சலிப்புதான், ஆனால் தரவை ஒளிவுமறைவில்லாமல் வைக்கும் பழக்கம் இங்கேதான் கைக்கு வரும்.

கருவி நிறுவனத்தில் ஊர் ஊராக அலைச்சல். இன்று மாத்திரையில் காட்மியம், நாளை மஞ்சள் தூளில் ஈயம். மாதிரியை ஆர்கான் பிளாஸ்மாவில் அயனிகளாக்கி, நிறையை வைத்துத் தனிமங்களை அளக்கும் கருவி ஐசிபி-எம்எஸ். அதில் ஆர்சனிக்கை வழக்கமாக நிறை 75இல்தான் அளப்பார்கள். மாதிரியை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்திருந்தால், பிளாஸ்மாவின் ஆர்கானும் அமிலத்தின் குளோரினும் ஒட்டிக்கொண்டு அதே 75இல் வந்து உட்காரும். ‘உங்கள் கருவி இல்லாத ஆர்சனிக்கைக் காட்டுகிறது’ என்று வாடிக்கையாளர் சண்டைக்கு வருவார். கருவிக்குள் இருக்கும் மோதல் அறையில், இந்தப் போலி அயனிகளை வடிகட்ட ஹீலியத்தைச் செலுத்தி, எண் இறங்குவதைக் காட்டினால்தான் அடங்குவார். இந்த மாதிரிக் கணங்களுக்காகவே இந்த வேலையை விரும்புகிறவர்கள் உண்டு. கூடவே விற்பனைப் பிரிவின் நச்சரிப்பும் வரும், அது தனிக்கதை.

என்னைக் கேட்டால், முதல் சில வருடங்கள் ஆலை, பிறகு கருவி நிறுவனம். திருப்பிப் போட்டால் சிரமம்: ஆலைக்காரர்கள் நேர்முகத்தில் ஜிஎம்பி (மருந்துத் தயாரிப்புக்கான தர விதிமுறைகள்) அனுபவத்தைத்தான் முதலில் துருவுவார்கள்.