வைரஸ் போனது, தாமதம் போகவில்லை: சிம் லிம் ஸ்குவேர் பழுதுபார்ப்புக் கடை பற்றி

சிங்கப்பூரில் மின்னணுக் கடைகள் நிறைந்த சிம் லிம் ஸ்குவேரின் நான்காம் தளத்தில் இருக்கும் இந்தக் கணினி பழுதுபார்ப்புக் கடைக்கு நான் வைரஸை நீக்கச் செல்லவில்லை. வைரஸை நீக்கிய பிறகும் என் மடிக்கணினி வேலைக்குத் தயாராக ஏறக்குறைய ஏழு நிமிடம் எடுத்துக்கொண்டது. அதற்கான காரணத்தைத் தெரிந்துகொள்ளவே சென்றேன். தமிழ்த் துணைப்பாட ஆசிரியையான எனக்கு அந்தக் கணினியில் ஒன்பது ஆண்டுப் பயிற்சித்தாள்கள் இருக்கின்றன. இலவச பிடிஎஃப் மாற்றி ஒன்றைப் பதிவிறக்கியதில் உள்ளே புகுந்த வைரஸை வீட்டருகே உள்ள வேறொரு கடையில் 80 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கொடுத்து நீக்கினேன். அதன் பிறகும் வேகம் திரும்பவில்லை என்று மீண்டும் போய்ச் சொன்னபோது, கோப்புகள் சேமிக்கப்படும் வட்டை முழுவதும் அழித்து விண்டோஸை மறுபடி நிறுவுவதைத் தவிர வேறு வழியில்லை என்று அங்கே கூறிவிட்டார்கள். காரணத்தைச் சொல்லாமல் அழிக்கச் சொன்னதை என்னால் ஏற்க முடியவில்லை.

இந்தக் கடையில் என்னைக் கவனித்துக்கொண்ட தமிழ் இளைஞர் முதலில் சொன்னது இதுதான்: “அக்கா, பார்மட் கடைசி வழி. நேரம் எங்கே போகிறது என்று முதலில் பார்த்துவிடுவோம்.” நான் அருகில் நின்று பார்ப்பதற்கும் அவர் மறுப்புச் சொல்லவில்லை. விண்டோஸ் தன் ஒவ்வொரு தொடக்கத்தையும் நிகழ்வுப் பதிவேட்டில் குறித்து வைக்கிறது என்பதை அன்றுதான் அறிந்தேன். அதில் 100 என்ற எண்ணுள்ள பதிவைத் திறந்து காட்டினார். முந்தைய நாள் தொடக்கத்துக்கு 412,618 மில்லிவிநாடி, அதாவது ஏறக்குறைய ஏழு நிமிடம், ஆகியிருந்தது. திரையில் முகப்புத் தோன்றும்வரை எவ்வளவு, தோன்றிய பிறகு பின்னணி வேலைகள் ஓயும்வரை எவ்வளவு என்று அந்தப் பதிவே பிரித்துச் சொல்கிறது. என் கணினியில் பாதிக்கும் மேற்பட்ட நேரம் முகப்புத் தோன்றிய பிறகுதான் கழிந்திருந்தது.

அடுத்து அவர் காட்டியவை 7009 என்ற எண்ணுள்ள மூன்று பிழைப் பதிவுகள். பின்னணியில் இயங்க வேண்டிய ஒரு சேவை பதிலளிக்காவிட்டால் விண்டோஸ் அதற்காக 30,000 மில்லிவிநாடி, அதாவது அரை நிமிடம், காத்திருந்து பிறகுதான் கைவிடுகிறது. கணினி வாங்கியபோதே உடன் வந்து, சந்தா முடிந்து, பின்னர் அரைகுறையாக நீக்கப்பட்ட ஒரு வைரஸ் தடுப்பு மென்பொருளின் மிச்சங்களே அந்த மூன்று சேவைகளும். நிரல் பட்டியலிலிருந்து நீக்கினால் மட்டும் இத்தகைய மென்பொருள்கள் முழுமையாகப் போய்விடுவதில்லை என்றும், அவற்றைத் தயாரித்த நிறுவனமே தரும் நீக்கக் கருவியை இயக்க வேண்டும் என்றும் விளக்கி, அப்படியே செய்தார்.

வைரஸும் தன் தடங்களை விட்டுச் சென்றிருந்தது. நான் உள்நுழையும் ஒவ்வொரு முறையும் ஒரு கறுப்புச் சன்னல் கண்ணிமைக்கும் நேரம் தோன்றி மறையும். கண் பொய் சொல்கிறது என்றே நினைத்திருந்தேன். மைக்ரோசாஃப்ட் இலவசமாக வழங்கும் ஆட்டோரன்ஸ் என்னும் கருவியைத் திறந்ததும், எப்போதோ அழிக்கப்பட்டுவிட்ட ஒரு கோப்பை ஒவ்வொரு முறையும் தேடி இயக்க முயலும் திட்டமிட்ட பணி ஒன்று மஞ்சள் வரியாக அங்கே நின்றது. இணைய அமைப்பில் 127.0.0.1 என்ற ப்ராக்ஸி முகவரியும், அதாவது இணையப் போக்குவரத்தை இதே கணினியில் இயங்கும் ஓர் இடைநிலை நிரலுக்குத் திருப்பும் முகவரியும், அப்படியே இருந்தது. வைரஸ் ஓட்டிய ப்ராக்ஸி போய்விட்டது, அதை நோக்கிய கைகாட்டி மட்டும் மிஞ்சிவிட்டது. சில நிரல்களில் இணையம் திறக்க மறுத்ததன் காரணம் அதுவே.

இந்தக் கடையின் மீது எனக்கு உண்மையான மதிப்பு ஏற்பட்டது இதற்குப் பிறகுதான். இவ்வளவையும் சரிசெய்தும் தொடக்கம் இரண்டே கால் நிமிடத்துக்குக் கீழே இறங்கவில்லை. அந்த அளவில் கணக்கை முடித்து என்னை அனுப்பியிருந்தால் நான் மகிழ்ச்சியுடன் போயிருப்பேன். அவரோ வட்டின் நலத்தைப் பார்த்தார். வட்டின் நிலையைக் காட்டும் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்னும் கருவி மஞ்சள் நிறத்தில் எச்சரித்தது, படிக்க இயலாமல் நிலுவையில் இருக்கும் பகுதிகள் 16 என்று காட்டியது. உடனே, செய்யவிருந்த வட்டுச் சோதனையை நிறுத்திவிட்டு, என் கோப்புகளை முதலில் வேறொரு வட்டுக்கு நகலெடுத்தார். நலிந்த வட்டில் நீண்ட சோதனைகளை ஓட்டினால், அந்த உழைப்பிலேயே அது அடியோடு செயலிழந்துவிடலாம். நகல் முடிந்த பிறகே, விண்டோஸ் தொடங்குவதற்கு முன் இயங்கும் டிஃபெண்டர் (விண்டோஸின் சொந்த வைரஸ் தடுப்பு) சோதனையை நடத்தி, வைரஸ் எஞ்சவில்லை என்று உறுதிசெய்துகொண்டு, எல்லாவற்றையும் புதிய எஸ்எஸ்டிக்கு, அதாவது சுழலும் பாகமற்ற வேகமான சேமிப்பகத்துக்கு, மாற்றினார். விண்டோஸிலேயே உள்ள டிஐஎஸ்எம், எஸ்எஃப்சி என்னும் பழுதுநீக்கும் கட்டளைகளால் விண்டோஸின் சொந்தக் கோப்புகளும் சரிபார்க்கப்பட்டன. இப்போது 28 விநாடியில் வேலையைத் தொடங்கிவிடுகிறேன்.

ஆய்வுக் கட்டணமான 30 வெள்ளியை இறுதித் தொகையில் கழித்துக்கொண்டார்கள். கூலி 90, எஸ்எஸ்டி 98, ஆக மொத்தம் 188 வெள்ளி. என்னென்ன நீக்கப்பட்டன, எவை மாற்றப்பட்டன என்று ஒரு தாளில் வரிவரியாக எழுதித் தந்தார்கள்.

குறைகளையும் சொல்ல வேண்டும். இரண்டு நாள் என்றது ஐந்து நாளானது; பிற்பகலில் தொலைபேசியை யாரும் எடுப்பதில்லை. இவற்றைவிடப் பெரிய குறை, கடவுச்சொற்களைப் பற்றி அவர்கள் தாமாக எதுவும் கூறாதது. வைரஸ் இருந்த நாள்களில் தட்டிய வங்கி, மின்னஞ்சல் கடவுச்சொற்களைத் தூய்மையான வேறொரு சாதனத்திலிருந்து மாற்ற வேண்டும் என்பது நான் கேட்ட பிறகே வந்த பதில். இதைத் தாளின் முதல் வரியாக எழுதுவது கடையின் கடமை என்று கருதுகிறேன்.

ஆனால் விற்பனைக்காக எதையும் திணிக்கவில்லை. 2016இல் வாங்கிய என் கணினியின் செயலி விண்டோஸ் 11க்குத் தகுதி பெறாது. விண்டோஸ் 10க்கான ஆதரவோ 2025 அக்டோபர் 14ஆம் தேதியுடன் முடிந்துவிட்டது. மைக்ரோசாஃப்டின் நீட்டிக்கப்பட்ட பாதுகாப்புப் புதுப்பிப்புத் திட்டத்தில் பதிந்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை ஓட்டலாம், அதற்குள் புதிய கணினிக்குச் பணம் சேமித்துக்கொள்ளுங்கள் என்று அந்த இளைஞர் நேராகவே சொன்னார்.

செல்ல விரும்புவோர் ரோச்சோர் எம்ஆர்டி ரயில் நிலையத்தில் இறங்கி நடக்கலாம். வார நாள் காலை உகந்தது, சனிக்கிழமை கூட்டத்தில் நின்று பேச இடமிருக்காது. பழைய வட்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நான் கேட்கும் முன்பே என்னுடையதை உறையிலிட்டு, தேதியும் எழுதி என் கையில் கொடுத்தார்கள்.