தோட்டத்துக் கணினிகளுக்கு எஸ்.என்.எம்.பி.யா, நிறுவன மென்பொருளா?

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டமொன்றில் பெரிய ஆபீஸ், செம்பனை ஆலை, டிவிஷன் ஆபீஸ்கள் என்று சிதறிக் கிடக்கும் கணினிகளைப் பராமரிக்கிறேன். எல்லாவற்றையும் ஓரிடத்தில் இருந்தபடியே கண்காணிக்க இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, கருவி விற்ற நிறுவனமே தரும் மேலாண்மை மென்பொருள். மற்றது, எந்த நிறுவனத்துக் கருவியிடமும் அதன் நிலையை வலையமைப்பு வழியே ஒரே விதமாகக் கேட்டறிய 1988இல் வந்த பொதுத் தரமான எஸ்.என்.எம்.பி. நான் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தேன்.

நிறுவன மென்பொருளை நிறுவுவது சுலபம், கேட்டால் உதவிக்கு ஆளும் வரும். அதில் மறுப்பில்லை.

எனக்கு முடிவைச் சொன்னது யூ.பி.எஸ். இங்கே மாலையில் இடி இறங்கினால் மின்சாரம் போவது வழக்கம். குலை ஏற்றிய லாரி ஆலை எடைமேடையில் நிற்கும்போது கணினி அணைந்தால் எடைச்சீட்டு வராது. பின்னால் வண்டிகள் வரிசை கட்டிவிடும். அதனால் பேட்டரி இன்னும் எத்தனை நிமிடம் தாங்கும் என்பதே நான் முதலில் பார்ப்பது. 1994இல் வெளியான ஆர்.எஃப்.சி. 1628 என்ற இணையத் தர ஆவணம் இதற்கென்றே பொது அட்டவணை வகுத்திருக்கிறது. 1.3.6.1.2.1.33.1.2.3.0 என்ற எண்ணைக் கேட்டால் மிச்ச நிமிடங்கள் பதிலாக வரும். அதே வரிசையில் பேட்டரி நிலையும் உண்டு: 2 என்றால் நலம், 3 என்றால் குறைந்துவிட்டது, 4 என்றால் தீர்ந்துவிட்டது. ஆலையில் ஒரு பிராண்டு, டிவிஷனில் வேறொன்று என்றாலும் கேள்வி ஒன்றுதான். இடியில் ஒன்று கருகிப்போய், கடையில் கிடைத்த வேறு பிராண்டை வாங்கி வைத்தாலும் முகவரியை மாற்றினால் வேலை முடிந்தது. நிறுவன மென்பொருள் என்றால் இன்னொரு மென்பொருள், இன்னொரு உரிமக் கட்டணம்.

வாங்குமுன் 1628 ஆதரவு உண்டா என்று கட்டாயம் கேளுங்கள். சொந்த அட்டவணையை மட்டும் வைத்திருக்கும் தயாரிப்பாளர்களும் உண்டு. அங்கே இந்த லாபம் பாதியாகிவிடும். கருவி தானாக அனுப்பும் எச்சரிக்கை, போய்ச் சேர்ந்ததா என்று சரிபார்க்காத யூ.டி.பி. வழியே வருவதால் வழியில் தொலைந்துபோகலாம்; நாமே அவ்வப்போது கேட்டுக்கொள்வது நல்லது. எஸ்.என்.எம்.பி.யின் பழைய 2சி பதிப்பு ரகசியச் சொல்லை மறைக்காமல் அனுப்பும். டிவிஷன்களுக்கு வயர்லெஸ் இணைப்பு இருந்தால் 3ஆம் பதிப்பைத் தவிர வேறெதுவும் வேண்டாம்.

சர்வரைத் தூரத்திலிருந்து அணைத்து எழுப்ப, டி.எம்.டி.எஃப். என்ற தர அமைப்பு 2015இல் வெளியிட்ட ரெட்ஃபிஷ் தரம் எஸ்.என்.எம்.பி.யைவிடப் பொருத்தமானது. இணையதளங்கள் பயன்படுத்தும் எச்.டி.டி.பி.எஸ்., ஜேசன் என்று பழகிய வழியிலேயே பேசுகிறது. ஆனால் அதை ஆதரிக்கும் சர்வர் எங்களிடம் ஒன்றுதான்; பல பிராண்டுகளைச் சேர்த்து ஓட்டிய அனுபவம் எனக்கில்லை. அடுத்த கொள்முதல் பட்டியலில் அந்த ஆதரவையும் ஒரு நிபந்தனையாக எழுதியிருக்கிறேன்.