14 மாதம் மாடி வீட்டை ஆப்பில் நாள் வாடகைக்கு விட்டதில்: ‘2 பேர்’ என்றால் எத்தனை பேர்?

நேற்று ஆசாரி வந்து மாடிக் கட்டிலின் குறுக்குச் சட்டத்தை மாற்றிவிட்டுப் போனார். மரமும் கூலியுமாக 1,800 ரூபாய். “ஏம்மா, இதுமேல ஏறிக் குதிச்சாங்களா?” என்றார். “ரெண்டு பேர்தாங்க தங்கினாங்க” என்றேன். அதற்கு மேல் அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

சாயந்திரம் கடலூரிலிருந்து சித்தி பெண் போன் செய்தாள். தேவனாம்பட்டினத்தில் அவர்கள் வீட்டு மாடி சும்மா கிடக்கிறது, சில்வர் பீச் நடக்கும் தூரம்தான், என்னைப் போலவே நாள் வாடகைக்கு விடலாமா என்று யோசிக்கிறாளாம். “அக்கா, முன்னபின்ன தெரியாதவங்களை எந்த தைரியத்துலக்கா உள்ள விடுற?” போனில் சொல்லி முடியவில்லை. அதனால்தான் இது.

கமிஷன், படம் எடுப்பது, விலை வைப்பது எல்லாம் எல்லோருக்கும் தெரிந்த கதை. எங்கள் வீடு புதுச்சேரி முத்தியால்பேட்டை. மாடியில் ஒரு பெட்ரூம், ஹால், சின்ன கிச்சன். கீழே நாங்களும் மாமியாரும். யார் வேண்டுமானாலும் உடனே புக் செய்யும் வசதியை முதல் நாளே அணைத்துவிட்டேன். கோரிக்கை வரும், 24 மணி நேரத்துக்குள் நான் ‘சரி’ அல்லது ‘இல்லை’ சொல்ல வேண்டும். நான் சரி சொல்கிற வரை கேட்பவரின் முகமும் தெரியாது, போன் நம்பரும் தெரியாது. பெயர், தேதி, எத்தனை பேர், அவராக எழுதுகிற நாலு வரி. இதை வைத்துக்கொண்டு ஆளை எடை போட வேண்டும்.

முதல் நாலு மாதம் அந்த நாலு வரியைத்தான் நம்பினேன். அழகாக எழுதினால் நல்லவர், “ப்ரோ ரூம் இருக்கா” என்றால் ஆகாதவர். (ஆப்பில் என் பெயர் மேலேயே இருக்கிறது. நான் ப்ரோ இல்லை.)

ஒரு சனிக்கிழமைக்கு, “நானும் மனைவியும் அமைதியான இடம் தேடுகிறோம், உங்கள் மாடித் தோட்டம் மனதைக் கவர்ந்தது” என்று ஒருவர் எழுதியிருந்தார். மாடித் தோட்டம் என்பது இரண்டு துளசி, ஒரு கற்றாழை. அதிலேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். மாலையில் சாவி வாங்க வந்தது உண்மையிலேயே இரண்டு பேர். மறுநாள் காலை ஏழு மணிக்கு அத்தை, “மேல தண்ணி நின்னுபோச்சாம், மோட்டார் போடு” என்றார். மாடிக்கென்று தனியாக இருப்பது ஆயிரம் லிட்டர் டேங்க். முந்தின நாள் மதியம்தான் நிரப்பினேன். இரண்டு பேர் விடிய விடியக் குளித்தாலும் அது காலியாகாது. படியேறிப் பார்த்தால் வாசலில் ஒன்பது ஜோடி செருப்பு.

போட்டோ எடுத்து ஆப்பின் உதவி மையத்துக்கு அனுப்பினேன். இரண்டு நாள் கழித்துப் பதில்: ஒரே விருந்தினர் ஒன்றுக்கு மேற்பட்ட காலணிகள் கொண்டு வந்திருக்கலாம். படித்துவிட்டு அரை மணி நேரம் யாரோடும் பேசவில்லை. அந்த ‘2 பேர்’ கட்டத்தின் மீது எனக்கு வந்த கோபம் இன்னும் தணியவில்லை. ப்ளஸ், மைனஸ் பட்டன் அமுக்கி யாரும் எந்த எண்ணும் போடலாம். அதற்கு எந்தப் பொருளும் கிடையாது.

என் பக்கத் தப்பையும் சொல்ல வேண்டும். “ப்ரோ” என்று எழுதிய மூன்று பையன்களை மறுத்தேன். அடுத்த தெருவில் ஒரு வீட்டில் தங்கினார்கள். அப்பாவை ஜிப்மரில் காட்ட வந்தவர்களாம். காலி செய்யும்போது பாத்திரம் கழுவிக் கவிழ்த்துவைத்துவிட்டுப் போனதாக அந்த வீட்டம்மா பால் வாங்குமிடத்தில் சொன்னார். “நல்ல பசங்க, ஏன் நீ விடல?” என்றும் கேட்டார்.

இப்போது நான் கேட்கிற கேள்வி ஒன்றுதான், அதுவும் தற்செயலாகக் கிடைத்தது. எங்கள் தெருவில் ஒரு கார் நின்றால் இன்னொன்று ஒதுங்க முடியாது, எதிர்வீட்டுக்காரர் கேட்டை மறைத்தால் சண்டைக்கு வருவார். அதனால், “எதில் வருகிறீர்கள், எத்தனை வண்டி?” என்று எழுத ஆரம்பித்தேன். ‘2 பேர்’ என்று போட்டவர் பதில் அனுப்பினார்: “2 கார், 1 புல்லட். பார்க்கிங் சேஃபா இருக்குமா?” ஆளை மறைக்கிறவர்கள் வண்டியை மறைப்பதில்லை. ஆள் என் கவலை, வண்டி அவர்கள் கவலை. “ஈசிஆர் பஸ்ஸில் வருகிறோம், பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆட்டோவுக்கு எவ்வளவு ஆகும்?” என்று கேட்பவருக்குக் கண்ணை மூடிக்கொண்டு சரி சொல்லலாம்.

மற்றவை சுருக்கமாக. வருகிற பெரியவர்கள் எல்லோருடைய அடையாள அட்டையும் பார்த்துப் பதிவேட்டில் எழுதிக்கொள்கிறேன். கடைசி நாலு எண் மட்டும் தெரியும் மாஸ்க்டு ஆதார் போதும். பான் கார்டு வேண்டாம், அதில் முகவரி இல்லை. வெளிநாட்டவர் என்றால் வந்த 24 மணி நேரத்துக்குள் ஆன்லைனில் தெரிவிக்க வேண்டும், இங்கே எல்லோரும் சி ஃபார்ம் என்று சொல்வது. பாரிஸிலிருந்து வந்த வயதான தம்பதி பாஸ்போர்ட், விசா நகலைக் கவரில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார்கள். எட்டு நாளில் மோட்டார் கூடுதலாக ஒரு தடவைகூடப் போடவில்லை.

“கல்யாணம் ஆனவங்களான்னு கேளு” என்பது அத்தையின் நிரந்தரக் கோரிக்கை. கேட்பதில்லை. கோவை சர்வீஸ் அபார்ட்மென்ட் வழக்கில், மணமாகாத இருவர் சேர்ந்து தங்குவது குற்றமில்லை என்று 2019-லேயே சென்னை உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. அத்தையிடம் அதைச் சொன்னேன். “கோர்ட்டா வந்து பெட்ஷீட் துவைக்குது?” என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

இவ்வளவுக்குப் பிறகும் கட்டில் எப்படி உடைந்தது? போன வாரம் வந்தவர்கள் ஒரே கார் என்றார்கள். ஒரே கார்தான் வந்தது. ஏழு சீட்டு வண்டி. எத்தனை வண்டி என்று கேட்டவள் என்ன வண்டி என்று கேட்கவில்லை.

மார்க் போடு என்றால், கோரிக்கை முறைக்கு நாலு, ஆப்புக்கு ஐந்துக்கு ஒன்றரை. சித்தி பெண்ணிடம், “வேணாண்டி, மாச வாடகைக்கு விட்டுட்டு நிம்மதியா தூங்கு” என்றேன். போனை வைத்துவிட்டுப் பொங்கல் வாரத்துக்கு நாளுக்கு 300 ரூபாய் ஏற்றினேன்.

வாசலில் கேமரா வைக்கலாம் என்கிறார் இவர். வருகிறவர்களிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும், அதற்கு ஒரு பேச்சு, வேண்டாம். மாடிப்படி முடிகிற இடத்தில் ஒரு எல்இடி பல்பு மாட்டச் சொல்லியிருக்கிறேன். ராத்திரியில் கீழே இருந்தே செருப்பை எண்ணிவிடலாம்.