செந்தோசா ஆண்டு அட்டையா, ஹாங்காங் பயணமா?

எங்கள் வீட்டில் கேளிக்கைப் பூங்காவுக்குப் போகிறவர்கள் நான்கு பேர். ரைடில் ஏறுகிறவர்கள் இரண்டரைப் பேர். நானும் மகளும் எதையும் விடமாட்டோம். மனைவி தலைகீழாகப் புரட்டாதவற்றில் மட்டும் ஏறுவார். அவர்தான் அந்த அரை. அம்மா ஏறுவதே இல்லை. பைகளும் தண்ணீர்ப் புட்டிகளும் அவர் பொறுப்பு. நிழலுள்ள பெஞ்சு எது என்பது அவருக்கு மனப்பாடம்.

நவம்பர் விடுமுறைக்குச் சில வாரங்கள் முன்பு செந்தோசா தீவிலுள்ள யுனிவர்சல் ஸ்டூடியோஸ் சிங்கப்பூர் பூங்காவின் ஆண்டு அட்டையைப் புதுப்பிக்கும் நேரம் வந்தது. நான்கு அட்டைகளுக்கான பணத்தோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் ஹாங்காங் டிஸ்னிலாந்தில் இரண்டு நாள் இருந்துவிட்டு வரலாம் என்றேன். (அந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு என்று மனைவி கணக்குப் போட்டுக் காட்டியதை இங்கே எழுதப்போவதில்லை.) கடைசியில் ஹாங்காங் போனோம். ஆகவே இது நடுநிலைத் தீர்ப்பு அல்ல. போய்வந்தவன் தன் செலவுக்குச் சொல்லும் நியாயமும் இதில் கலந்திருக்கிறது.

தெரிந்த விஷயங்களை முதலில் தள்ளிவிடுகிறேன். சிங்கப்பூரில் இருப்பவருக்குச் செந்தோசா பக்கத்திலேயே இருக்கிறது. ஹார்பர்ஃபிரண்ட்டில் இறங்கி, விவோசிட்டியிலிருந்து செந்தோசா எக்ஸ்பிரஸில் ஏறினால் தீர்ந்தது. ஹாங்காங்குக்கு விமானம், தங்குமிடம் எல்லாம் வேண்டும். மழைக்கும் வெயிலுக்கும் செந்தோசாவே தேவலை, ஹாலிவுட் தெருவுக்கு மேலே பெரிய கூரையே போட்டிருக்கிறார்கள். ஹாங்காங்கில் சன்னி பே நிலையத்திலிருந்து ஓடும் ரயிலின் ஜன்னல்கள் மிக்கி தலை வடிவில் இருக்கும், அது ஒரு அழகு. செலவைப் பார்த்தால் பேச்சே இல்லை, செந்தோசாதான்.

வேகமான ரைடுகளிலும் செந்தோசாதான். பூங்காவின் சை-ஃபை சிட்டி பகுதியில் 42.5 மீட்டர் உயரத்துக்கு எழும் 'பேட்டில்ஸ்டார் கலாக்டிகா' இரட்டை ரோலர் கோஸ்டருக்கு ஈடாக ஹாங்காங் டிஸ்னிலாந்தில் ஒன்றும் கிடையாது. சிவப்புத் தடத்தில் உட்கார்ந்தபடி போகலாம், நீலத் தடத்தில் கால்கள் தொங்கும். பதினாறு வயதுப் பையன்கள் நாலு பேர் கிளம்புகிறார்கள் என்றால் இதற்குமேல் படிக்காமல் செந்தோசாவுக்கே போகலாம்.

எங்கள் வீட்டுக்கு முடிவைத் தந்தது வேறொன்று: ரைடில் ஏறாதவருக்கு அந்தப் பூங்காவில் என்ன இருக்கிறது?

இதை அம்மாவுக்காக மட்டும் கேட்கவில்லை. ஏறுகிறவர்களும் ஒரு நாளில் பெரும்பகுதியை ரைடுக்கு வெளியேதான் கழிக்கிறார்கள். ஐந்து நிமிட ரைடுக்கு ஐம்பது நிமிடம் வரிசை. பிறகு நடை, சாப்பாடு, யாருக்காவது கழிவறை வாசலில் காத்திருப்பு. அந்த நேரத்தில் கண் எதன்மீது விழுகிறது என்பதுதான் 'தீம்' என்ற சொல்லுக்கு நான் எடுத்துக்கொள்ளும் பொருள். கதை ரைடின் கதவுக்குள்ளே தொடங்கி அங்கேயே முடிந்துவிட்டால் அதைப் பொருட்காட்சி என்றே சொல்லிவிடலாம்.

பூங்கா மெதுவாக வளர்கிறதென்றால் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. ஆண்டுக்கொரு புது ரைடு வந்தால் சுற்றுப்புறம் மொட்டையாக இருந்தாலும் யாரும் கேட்கமாட்டார்கள். பத்து ஆண்டு புதிதாக ஒன்றும் வராத இடத்தில், ஏற்கெனவே இருக்கும் சுவரும் தூணும் விளக்கும்தான் மறுபடி வருகிறவரைத் தாங்கவேண்டும்.

செந்தோசாவில் பத்து ஆண்டு அப்படித்தான் போனது. பூங்கா 2010-ல் திறந்தது. 2011 டிசம்பரில் டிரான்ஸ்ஃபார்மர்ஸ், 2013-ல் செசமி ஸ்ட்ரீட், 2015-ல் புஸ் இன் பூட்ஸ் என்று புது ரைடுகள் வந்துகொண்டிருந்தன. அதற்குப் பிறகு சொல்லிக்கொள்ளும்படியான அடுத்த புது வரவு மினியன் லேண்ட், 2025 பிப்ரவரி 14-ல். நடுவே பெருந்தொற்றும் வந்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் 2016 முதல் 2019 வரை எந்தத் தொற்றும் இல்லையே.

மினியன் லேண்ட் வந்ததும் காலி இடத்தில் இல்லை. 'மடகாஸ்கர்' படத்தின் பகுதி போய்த்தான் அது வந்தது. ஏறத்தாழ 20 ஹெக்டர் பூங்கா, ஒரு பக்கம் கடல், மற்ற பக்கங்களில் ஹோட்டல்களும் சாலையும். ஒன்றை வைக்க ஒன்றை எடுக்கவேண்டிய நிலை. மடகாஸ்கர் படகுச் சவாரி 2022 மார்ச்சில் மூடப்பட்டது. மூடலுக்கும் புதுப் பகுதியின் திறப்புக்கும் இடையே ஏறக்குறைய மூன்று ஆண்டு. பூங்கா விரிந்தது என்பதைவிட அறை மாற்றிக்கொண்டது என்பதே பொருத்தம்.

மாரியோ வீடியோ விளையாட்டுகளின் உலகமான சூப்பர் நின்டெண்டோ வேர்ல்டு இங்கேயும் வரும் என்று 2019 ஏப்ரலில் அறிவித்தார்கள். 4.5 பில்லியன் சிங்கப்பூர் வெள்ளித் திட்டத்தின் பகுதி அது. அதற்குக் கைம்மாறாக, சிங்கப்பூரின் இரண்டு சூதாட்டக் கூடங்களுக்கும் (ஒன்று இந்தப் பூங்கா இருக்கும் வளாகத்திலேயே இருக்கிறது) 2030 இறுதி வரை வேறு போட்டியாளர் வரமாட்டார் என்ற உறுதியை அரசு தந்தது. அதே நின்டெண்டோ பகுதி ஒசாகாவில் 2021-ல் திறந்தது, ஹாலிவுட்டில் 2023-ல், ஆர்லாண்டோவில் 2025-ல். செந்தோசாவில் 2025-லும் திறக்கவில்லை. எங்கள் மகள் இரண்டு வயதில் கேட்ட செய்தி இது. இப்போது அவளுக்கு எட்டு முடிந்துவிட்டது.

தீம் விஷயத்தில் செந்தோசாவை முழுக்கக் குறை சொன்னால் அது பொய். பண்டைய எகிப்துப் பகுதி அசல் வேலை. மம்மி ரைடின் வாசலில் வானளாவ நிற்கும் நரித்தலைச் சிலைகளின் காலடியில் மாலை வெயிலில் நின்றால், அந்த ரைடுக்குள் போகாதவருக்கும் ஏதோ கிடைத்துவிடுகிறது. சிக்கல் சை-ஃபை சிட்டியில். பூங்காவின் பெருமைக்குரிய இரட்டைக் கோஸ்டர் அங்கே வெறும் இரும்புத் தண்டவாளமாக வானத்தில் நிற்கிறது. அது சார்ந்திருக்கும் அதே பெயருள்ள தொலைக்காட்சித் தொடர் 2009-லேயே முடிந்துவிட்டது. ரைடு வந்தது 2010-ல். பிறந்தபோதே கதை தீர்ந்துபோன ரைடு. மனிதர் யார், அவர்களோடு போரிடும் எந்திரங்களான சைலான் யார் என்று இன்றைய பிள்ளைகளுக்குச் சொல்ல அங்கே சுற்றுப்புறம் ஒன்றும் உதவுவதில்லை. திறந்த சில நாட்களிலேயே மூடப்பட்டு 2011-ல் திரும்பி வந்ததும், 2013 ஜூலை முதல் 2015 மே வரை மறுபடி மூடிக் கிடந்ததும், வரிசைக்கு நான்கு இருக்கை இருந்த பெட்டிகள் இரண்டு இருக்கைக்கு மாறியதும் ரசிகர்களுக்குத் தெரிந்த கதை. இத்தனை ஆண்டில் கதையைத் தூக்கிவிட்டு வேறு வேடம் கட்டியிருக்கலாம் என்ற ஆதங்கம் எனக்கு உண்டு.

ஹாங்காங்குக்கு வருகிறேன். அந்தப் பூங்காவும் தொடக்கத்தில் இதே பாட்டு வாங்கியதுதான், இதைவிட அதிகமாகவே. 2005 செப்டம்பர் 12-ல் திறந்தபோது மொத்தம் நான்கு பகுதிகள். டிஸ்னிலாந்து என்ற பெயருக்கு இது போதுமா என்று உலகமே கேட்டது. 2011-ல் வந்த டாய் ஸ்டோரி லேண்ட் கேலியைக் கூட்டியது. முந்தைய ஆண்டு பாரிஸில் வைத்த அதே மூன்று ரைடுகள். திருவிழா ராட்டினத்துக்கு வண்ணம் பூசி, சுற்றி மூங்கில் நட்ட மாதிரி. இப்போதும் அந்தப் பகுதியில் நான் அதிகம் நிற்கவில்லை.

அடுத்த இரண்டு ஆண்டுகளில் அங்கே நடந்ததுதான் என்னைச் சாய்த்தது. 2012 ஜூலையில் கிரிஸ்லி கல்ச், 2013 மே மாதம் மிஸ்டிக் பாயின்ட் என்று இரண்டு புதுப் பகுதிகள். இரண்டும் எதையும் இடிக்காமல் பக்கத்தில் கூட்டியவை. இரண்டுக்கும் படம் எதுவும் அடிப்படை இல்லை. இதைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், மனைவிக்குச் சலித்துவிட்டது. முடிந்துபோன தொடரையோ, அடுத்த பாகம் வருமா என்று தெரியாத படத்தையோ நம்பாமல், கதையைத் தாங்களே எழுதி இடத்தில் பதித்திருக்கிறார்கள்.

கிரிஸ்லி கல்ச் தங்கம் தேடிப் போனவர்களின் சிற்றூர். அவ்வூர் நிறுவப்பட்ட நாளாக அவர்கள் வைத்துக்கொண்டது 1888 ஆகஸ்ட் 8. எட்டு ராசியான எண் என்று நம்பும் சீன ஊருக்குள் அமெரிக்க மேற்குப் பகுதியைக் கொண்டுவந்து, அதற்கு எட்டெட்டாக ஜாதகம் எழுதிய குறும்பு எனக்குப் பிடித்திருந்தது. சுரங்க வண்டி கோஸ்டரில் நானும் மகளும் போனோம். ஒரு கரடி முதுகைச் சொறிந்துகொள்ளும்போது தண்டவாள நெம்புகோல் மாறிவிட, வண்டி பின்னோக்கி ஓடுகிறது. நாங்கள் இறங்கி வந்தபோது அம்மா சலிப்போடு இருப்பார் என்று நினைத்தேன். அவரோ தரையிலிருந்து பீறிடும் வெந்நீர் ஊற்றுகளின் பக்கம் நின்று, எது எப்போது பீறிடும் என்று பக்கத்திலிருந்த சீனப் பாட்டி ஒருவரோடு சைகையில் பந்தயம் கட்டிக்கொண்டிருந்தார்.

மிஸ்டிக் பாயின்ட்டில் உள்ள மிஸ்டிக் மேனர் என்ற மாளிகை ரைடு அவருக்காகவே கட்டியது போலிருந்தது. மற்ற பல டிஸ்னிலாந்துகளில் பேய்வீடு இருக்கும் இடத்தில் இங்கே பேயே இல்லை. இறந்தவர்களை விளையாட்டாக்குவது சீனர்களின் முன்னோர் வழிபாட்டுக்கு ஒவ்வாது என்று கதையை மாற்றினார்கள். ஹென்றி மிஸ்டிக் பிரபு என்றொரு கலைப்பொருள் சேகரிப்பாளர், அவரிடம் ஆல்பர்ட் என்றொரு குரங்கு. தொடாதே என்ற இசைப்பெட்டியைக் குரங்கு திறந்துவிட, அதிலிருந்து புறப்படும் ஒளித்தூள் வீட்டிலுள்ள சிலை, ஓவியம், வாத்தியம் எல்லாவற்றையும் உயிர்ப்பிக்கிறது. வண்டிக்குத் தண்டவாளம் கிடையாது. அது அறைக்கு அறை தானே வழுக்கிப் போய்த் திரும்பிப் பார்க்கிறது. குலுக்கல் இல்லை என்று சத்தியம் செய்து அம்மாவை ஏற்றினோம். வெளியே வந்ததும் அவர் சொன்னது: "அந்தக் குரங்கும் உன்னை மாதிரிதான்ப்பா, தொடாதே என்றால்தான் கை நீளும்." அன்றைக்கு மூன்று முறை ஏறினார்.

மாளிகைக்கு வெளியேயும் கதை நிற்கவில்லை. எதிரே தோட்டத்தில், ஒரு கோணத்தில் நின்றால் மட்டும் உருவம் கூடிவரும் சிற்பங்கள் இருக்கின்றன. மனைவியும் அம்மாவும் அங்கே அரைமணி நேரம் கழித்தார்கள். அதற்கு வரிசை கிடையாது. வயது, உயரக் கட்டுப்பாடும் கிடையாது.

2023 நவம்பர் 20-ல் திறந்த ஃப்ரோசன் பகுதியும் அப்படித்தான். ரைடு என்று பார்த்தால் இரண்டுதான், அதில் சறுக்குவண்டி தொடங்கியதும் முடிந்துவிடும். காசுக்கு நியாயம் ரைடில் இல்லை, அந்தப் பகுதியில் அமைத்திருக்கும் விரிகுடாவின் கரையில் இருக்கிறது. அங்கிருந்து பார்த்தால் கட்டிய பனிமலைக்குப் பின்னால், பூங்கா இருக்கும் லாந்தாவ் தீவின் உண்மை மலைகள் எழுகின்றன. எங்கே செயற்கை முடிகிறது என்று தேடவேண்டியிருக்கிறது.

வேகத்தில் ஹாங்காங் உத்தமம் என்று சொல்லவரவில்லை. ஃப்ரோசன் பகுதி 2016-ல் அறிவித்த 10.9 பில்லியன் ஹாங்காங் டாலர் திட்டத்தில் இருந்தது; கைக்கு வர ஏழு ஆண்டு ஆயிற்று. ஆனால் அங்கே பெரும்பங்கு அரசுடையது என்பதால் பணம் சட்டமன்றக் குழுவுக்கு வந்து, கேள்வி கேட்கப்பட்டுத்தான் போகிறது. என்ன வரும், எந்த ஆண்டு என்ற பட்டியல் பொதுவில் இருக்கிறது. தாமதத்தையாவது எண்ணிப் பார்க்கலாம். விரிவாக்கத்துக்கென்று பக்கத்தில் ஒதுக்கியிருந்த சுமார் 60 ஹெக்டர் மனையை வாங்கும் உரிமை 2020-ல் காலாவதியானதும், அங்கே தொற்றுக்காலத் தனிமைப்படுத்தும் முகாம் எழுந்ததும் ரசிகர்களுக்கு ஆறாத புண். டுமாரோலேண்ட் பகுதியும் குழப்பம்தான். ஒரு பக்கம் அயர்ன் மேன், இன்னொரு பக்கம் ஸ்டார் வார்ஸ், நடுவில் பழைய பறக்கும் தட்டு ராட்டினம். 2016-ல் எடுத்த கார்ச் சவாரிக்கு ஈடு இன்னும் வரவில்லை. செந்தோசாவின் சை-ஃபை சிட்டியும் இதுவும் அண்ணன் தம்பி.

நான் சொல்வதை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். செந்தோசாவுக்கு எத்தனை முறை போனேன் என்ற கணக்கில்லை. ஹாங்காங்கில் மொத்தம் இரண்டு நாள், அதுவும் நவம்பரின் வார நாட்கள், குளிர்ந்த காற்று, மிதமான கூட்டம். ஆகஸ்ட் வெயிலில், சீனப் புத்தாண்டு நெரிசலில் அம்மா அந்தத் தோட்டத்தில் அரைமணி நேரம் நின்றிருப்பாரா என்பது சந்தேகமே. பத்தாவது முறை போனாலும் மிஸ்டிக் மேனர் இப்படியே இனிக்குமா என்பதற்கும் என் கையில் சாட்சி இல்லை. எகிப்துச் சிலைகள் எனக்குப் பழகிப்போனதற்கு அவை காரணமில்லை, என் அட்டைதான் காரணம்.

அட்டையைப் புதுப்பிக்கவில்லை. மாரியோ வந்தால் ஒரு நாள் டிக்கெட் எடுப்போம், மகளுக்கு அவ்வளவுக்கு வாக்குக் கொடுத்தாயிற்று. நாலு டிக்கெட்டா, மூன்றா என்று அம்மாவிடம் கேட்டேன். அங்கே குரங்கு இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது, ஆனால் அது பீப்பாய் எறியும் என்றேன். யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.